கிட்டப்பார்வைச் சொட்டு மருந்தும் விழித்திரை நரம்பணுக்களும்

குழந்தைகளின் கிட்டப்பார்வை மேலும் கூடாமலிருக்க இரவில் கண்ணில் விடப்படும் சொட்டு மருந்து அட்ரோபின். பெல்லடோனா செடியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் வகை ஏற்பிகளை அடைக்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட குறைபாட்டை இது போக்காது. கண்கோளம் நீள்வதைத்தான் மட்டுப்படுத்தும். சிங்கப்பூரில் 400 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் (2006), 1 சதவீத அட்ரோபின் விட்ட கண்கள் இரண்டாண்டுகளில் ஏறக்குறைய நீளவே இல்லை. வெற்றுச் சொட்டு விட்ட கண்கள் சுமார் 0.38 மில்லிமீட்டர் நீண்டிருந்தன.

கிட்டத்தில் பார்க்க உதவும் சிலியரி தசையைத் தளர்த்துவதால்தான் இப்பலன் என்று நெடுநாள் நம்பினார்கள். கோழிக்குஞ்சு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. பறவைகளில் அத்தசை வரித்தசை. அதன் ஏற்பிகள் நிக்கோட்டினிக் வகையைச் சேர்ந்தவை, அட்ரோபினுக்கு அசையாதவை. ஆயினும் குஞ்சுகளுக்குச் செயற்கையாக உண்டாக்கிய கிட்டப்பார்வையை அட்ரோபின் தடுத்ததாக 1993இல் தெரியவந்தது. ஆகவே தேடல் விழித்திரையை நோக்கித் திரும்பியது.

அங்கே அசிட்டைல்கோலினைச் சுரப்பவை அமாக்ரின் செல்கள் எனும் நரம்பணுக்களில் ஒருவகை. ஐயம் முதலில் அவற்றின்மேல் விழுந்தது இயல்பே. ஆனால் குஞ்சுகளில் அச்செல்களை நச்சால் அழித்த பிறகும் அட்ரோபின் பலித்தது (1998). இத்துறையின் மிக முக்கியமான முடிவுகளில் ஒன்றாக இதைக் கொள்ள வேண்டும். அச்செல்களின் வழியாகவே அட்ரோபின் செயல்படுகிறது என்ற எளிய விளக்கம் அதோடு முடிந்தது. குஞ்சுகளின் விழித்திரையில் டோபமின் என்னும் நரம்புவேதிப்பொருளின் சுரப்பை அட்ரோபின் கூட்டுவதாக 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. கண் நீள்வதைத் தடுக்கும் சமிக்ஞைகளில் ஒன்றாக டோபமின் கருதப்படுகிறது. பகல் வெளிச்சமும் அதைத் தூண்டும், வெளியில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருவதற்கு அதுவும் காரணமாகலாம். குஞ்சுகளின் கண்ணில் மற்றொரு சமிக்ஞைப் பொருளான நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுத்தால் அட்ரோபினின் பலன் குன்றுகிறது என்பது 2016ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு.

குஞ்சுகளின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தப்பட்ட அளவு, சொட்டு மருந்து மூலம் குழந்தையின் விழித்திரையை அடையும் அளவைவிட மிக அதிகம். எனவே இம்முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. சிங்கப்பூர்க் குழந்தைகளிடம் சிகிச்சைக்குப் பின் எடுத்த விழித்திரை மின்பதிவுகளில் குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை என்பது பெற்றோருக்கு ஆறுதலான செய்தி.

அதிக செறிவில் பாவை விரிந்து கண் கூசும், எழுத்து மங்கும். மருந்தை நிறுத்தியதும் கிட்டப்பார்வை வேகமாகத் திரும்பவும் கூடும். இதனால் 0.01 முதல் 0.05 சதவீதம் வரையிலான குறைந்த செறிவுகள் பரவலாயின. ஹாங்காங் ஆய்வில் (2019) அவற்றுள் 0.05 சதவீதமே மிகுந்த பலன் தந்தது.