கொனோபிஷ்டே: சுவர் தெரியாத அளவுக்குக் கொம்புகள் மாட்டிய மாளிகை

பிராக் நகருக்குச் சுற்றுலா போறவங்க பெரும்பாலும் பழைய பாலம், மணிக்கூண்டு என்று நகருக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் பெனெஷோவ் வந்துவிடும். அங்கிருந்து அரை மணி நேர நடையில் கொனோபிஷ்டே மாளிகை.

யாருடைய மாளிகை?

பின்னாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து வாரிசான ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் 1887இல் வாங்கியது. ஆமாம், பள்ளி வரலாற்றுப் பாடத்தில் வரும் அதே ஆள்தான். 1914 ஜூன் 28ஆம் தேதி சராயேவோவில் அவரும் மனைவி சோஃபியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் முதல் உலகப் போர் மூண்டது.

அவ்வளவு விலங்குகளா?

நடைக்கூடங்களில் மான் கொம்புகள், பதப்படுத்திய தலைகள், பறவைகள். சுவரே தெரியாது. அவர் வாழ்நாளில் சுட்டவை 270,000க்கும் மேல் என்கிறது வேட்டைக் கணக்கு. 40 ஆண்டுகள் என்று வைத்தாலும், தினமும் 18!

எப்படி முடிந்தது? காட்டில் தேடி அலைந்து சுட்டதல்ல. ஆட்கள் வரிசையாக நின்று விலங்குகளை விரட்டி வருவார்கள். இளவரசர் ஓரிடத்தில் நின்று சுடுவார். பின்னால் இருப்பவர் தோட்டா நிரப்பிய அடுத்த துப்பாக்கியை நீட்டுவார். செத்தவற்றில் பெரும்பாலானவை முயல், காட்டுக்கோழி போன்ற சிறு உயிர்கள்.

1892-93 உலகப் பயணத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் வேட்டையாடினார். அந்தப் பயணத்தில் சிங்கப்பூருக்கும் வந்து போயிருக்கிறார்.

வேறென்ன இருக்கு?

டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜின் ஓவியங்கள், சிற்பங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். எஸ்டே குடும்பத்திடமிருந்து வந்த பழைய ஆயுதங்களும் கவசங்களும் தனி.

ஆனால் மனசில் நிற்பது குடும்பம் வாழ்ந்த அறைகள்தான். சோஃபி அரச குலத்தவர் அல்லர். பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று 1900 ஜூன் 28ஆம் தேதி கையெழுத்திட்ட பிறகே திருமணம் நடந்தது. சராயேவோவுக்குச் சரியாக 14 ஆண்டுகள் முன்பு! வியன்னா அரசவை விழாக்களில் கணவர் பக்கத்தில் நடக்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை. இங்கே அவர்தான் வீட்டுத் தலைவி. கொம்புகளைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இந்த அறைகளில் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள்.

போறதுக்கு முன்னாடி...

உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும். சுற்றுப்பாதைகள் பல. எல்லா அறையும் ஒரே டிக்கெட்டில் வராது. வேட்டைக் கூடம் வேணுமா, குடும்ப அறைகள் வேணுமா என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கோங்க. குளிர்கால மாதங்களில் மூடியிருக்கும். திங்கட்கிழமையும் விடுமுறை, வாசலோடு திரும்பி வந்துடாதீங்க.