மெமரீஸ்: பீரங்கி நகரத்துப் பிள்ளை

'மெமரீஸ்' 1995 டிசம்பரில் வெளியான ஜப்பானிய அறிவியல் புனைவு அசைவூட்டப் படம். கட்சுஹிரோ ஓட்டோமோவின் மூன்று தனிக்கதைகளின் தொகுப்பு இது. முதல் கதையை கோஜி மோரிமோட்டோவும், இரண்டாவதை தென்சாய் ஒகமுராவும், மூன்றாவதான 'கேனன் ஃபாடர்' (பீரங்கிக்கு இரை) என்பதை ஓட்டோமோவும் இயக்கினர்.

மூன்றாம் கதையில் ஒரு நகரமே பீரங்கிகளுக்காக இயங்குகிறது. தந்தை பீரங்கியில் குண்டு ஏற்றுகிறார். தாய் குண்டு செய்யும் ஆலைக்குப் போகிறார். பள்ளிக் கணக்குப் பாடமும் பீரங்கியின் குறியைப் பற்றியதே. எதிரி மட்டும் கண்ணில் படுவதில்லை. யாரோடு சண்டை என்று மகன் கேட்கிறான். பெரியவனானால் புரியும் என்கிறார் தந்தை.

இது வெறும் கற்பனையன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் ஜப்பானிய மாணவர்கள் வகுப்பறையிலிருந்து ஆயுத ஆலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அப்போர் முடிந்த 50ஆம் ஆண்டில் இப்படம் வந்தது.

மழை பொய்க்கும் கரிசல் பூமியில், கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தீப்பெட்டி வேலைக்குப் போன காலமும் உண்டு. அங்கே காரணம் போரன்று, வறுமை. ஆனால் தீக்குச்சி யார் வீட்டு அடுப்பை மூட்டும் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியும். பீரங்கி நகரத்துப் பிள்ளையோ, தன் கேள்விக்கு விடை கிடைக்காமலேயே, தானும் ஒருநாள் பீரங்கி சுடும் அதிகாரியாக வேண்டும் என்று கனவு காண்கிறான்.