கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் ‘அல்பா’ கிளை: ஒரு மாணவர் சகோதர சங்கத்தின் வரலாறும் மரபும்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் துணைவேந்தர்களின் ஆட்சிக் காலங்களையும், பீடங்களின் தோற்றத்தையும், பாடவிதானங்களின் மாற்றங்களையுமே விரித்துரைப்பர். மாணவர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட வாழ்க்கை அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுகின்றது. ஆயினும், விரிவுரை மண்டபத்துக்கு வெளியே, விடுதி அறைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் மாணவர் பெற்ற பயிற்சி ஒரு சமுதாயத்தின் போக்கையே பாதித்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டு இயங்கும் மாணவர் சகோதர சங்கங்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள் ஒன்றான அல்பா பை அல்பா சங்கத்தின் முதற்கிளை 1906ஆம் ஆண்டு கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் தோன்றிய வரலாற்றை மையமாகக் கொண்டு, இத்தகைய சங்கங்களின் மரபுகள் எத்தேவையிற் பிறந்தன, எவ்வாறு பயன்பட்டன, எவ்வாறு திரிபுற்றன என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சங்கங்களின் மூலத்தை நாம் 1776ஆம் ஆண்டிற் காண்கின்றோம். அமெரிக்கக் குடியேற்றங்கள் சுதந்திரப் பிரகடனம் செய்த அதே ஆண்டின் டிசெம்பர் 5ஆம் திகதி, வேர்ஜீனியாவிலுள்ள வில்லியம் மேரி கல்லூரியின் மாணவர் சிலர் பை பீற்றா கப்பா என்னும் சங்கத்தை நிறுவினர். அறிவின்பால் கொண்ட காதலே வாழ்வின் வழிகாட்டி என்னும் பொருளுடைய கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகளே அப்பெயராயின. பதக்கம், இரகசிய உறுதிமொழி, உறுப்பினர் மட்டும் அறிந்த கைகுலுக்கல் ஆகியன அச்சங்கத்துடனேயே தோன்றிவிட்டன. அக்காலக் கல்லூரிகளில் மனனமும் ஒப்புவித்தலுமே கல்வியாகக் கருதப்பட்டன. வழிபாடும் ஒழுங்குவிதிகளும் மாணவரின் நாளை ஆட்சி செய்தன. மூடிய கதவுக்குள் கூடிய மாணவர், ஆசிரியரின் கண்காணிப்பின்றி விவாதிக்கவும் கட்டுரை படிக்கவும் இடம்பெற்றனர். எனவே இரகசியம் என்பது தொடக்கத்தில் சிந்தனைச் சுதந்திரத்துக்கு இட்ட வேலியாக அமைந்தது எனலாம். பை பீற்றா கப்பா 1831ஆம் ஆண்டையொட்டி இரகசியத்தைக் கைவிட்டு, காலப்போக்கில் கல்வித் தகைமையைப் பாராட்டும் சங்கமாக மாறிற்று. அதற்கு முன்னரே, நியூயோர்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் கப்பா அல்பாவும், 1827இல் சிக்மா பை, டெல்ற்றா பை ஆகிய இரு சங்கங்களும் தோன்றி, பிற்காலச் சகோதர சங்கங்களுக்கு முன்மாதிரிகளாயின.

ஒரு சங்கம் பல கல்லூரிகளிற் பரவும்போது ஒவ்வொரு கல்லூரியிலும் அமையும் அதன் பிரிவே கிளையாகும். கிளைக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட உத்தியோகத்தர் உளர். பெரும்பாலும் தனி இல்லமும் உண்டு. உறுப்பினர் ஒன்றாக வசித்து, ஒரே மேசையில் உண்டு, ஒருவரையொருவர் சகோதரர் என்றே விளிப்பர். புதியவரைச் சேர்ப்பது கிளையின் வாக்கெடுப்பிலேயே தங்கியுள்ளது. பல கிளைகளில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் இட்டு வாக்களிக்கும் வழக்கம் நிலவியது. ஒரேயொரு கறுப்புக் குண்டு விழுந்தாலும் ஒருவரை விலக்கிவைக்க அது போதுமானதாயிருந்தது. தெரிவானவர் சிறிது காலம் உறுதிமொழி மாணவராக இருந்து, பின்னர் தீட்சைச் சடங்கின் மூலம் முழு உறுப்பினராவார். கிளைகளின் பெயர்களும் கிரேக்க எழுத்து வரிசையைத் தழுவுவன. முதற்கிளை அல்பா, அடுத்தது பீற்றா என அவை தொடரும். இறுதி எழுத்தான ஒமேகாவை அல்பா பை அல்பா சங்கத்தார் வாழ்வோரின் கிளை எதற்கும் சூட்டுவதில்லை. இறந்துபட்ட உறுப்பினர் ‘ஒமேகா கிளை’யிற் சேர்ந்துவிட்டனர் எனக் கூறுவதே அவர்தம் மரபு.

இம்மரபுகளுக்கு இருண்ட பக்கமும் உண்டு. கதவை மூடும் உரிமை சிந்தனையைக் காத்ததுபோலவே பாகுபாட்டையும் காத்தது. பல சங்கங்கள் வெள்ளையரல்லாதாரையும் யூதரையும் சேர்ப்பதில்லை என்பதைத் தம் யாப்பிலேயே எழுதிவைத்தன. 1948ஆம் ஆண்டு அம்ஹேர்ஸ்ற் கல்லூரியின் பை கப்பா சை கிளை கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது, அச்சங்கத்தின் தேசியத் தலைமை அக்கிளையையே இடைநிறுத்தியது. மற்றொரு கேடு தீட்சைச் சடங்கோடு பின்னிப்பிணைந்தது. புதியவரின் மனவுறுதியைச் சோதிப்பதாகக் கூறி அவரை இழிவுபடுத்துவதும் துன்புறுத்துவதும் வழக்காயின. 1873ஆம் ஆண்டு கோர்ணெல் பல்கலைக்கழகத்தில், கப்பா அல்பா கிளையின் தீட்சைக்காக இரவில் ஊர்ப்புறத்தே அழைத்துச் செல்லப்பட்ட மாணவர் ஒருவர் மலைப்பள்ளத்தில் வீழ்ந்து மாண்டார். அப்பல்கலைக்கழகம் மாணவரை ஏற்கத் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகளே கழிந்திருந்தன.

இதே கோர்ணெலில்தான் நம் கவனத்துக்குரிய அல்பா கிளை தோன்றிற்று. எவரும் எத்துறையையும் கற்கக்கூடிய நிறுவனமாக அது விளங்கவேண்டும் என்பது நிறுவுநர் எஸ்ரா கோர்ணெலின் இலட்சியம். கறுப்பின மாணவருக்கு அதன் வாயில் அடைக்கப்பட்டிருக்கவில்லை. எனினும், வாயிலுக்கு உள்ளே அவர்கள் தனித்தே நின்றனர். விடுதிகளிலும் சகோதர சங்க இல்லங்களிலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுட் சிலர் அவ்வில்லங்களில் உணவு பரிமாறும் பணியாளராகவே நுழைந்தனர். அங்குள்ள சகோதரத்துவத்தை மேசைக்குப் பின்னால் நின்றே அவர்கள் கண்டனர் என்க. முந்திய கல்வியாண்டிற் பயின்ற கறுப்பின மாணவர் அறுவர் 1905இல் கல்வியைத் தொடரத் திரும்பி வரவில்லை. எஞ்சியோர் உள்ளத்தை உறுத்திய செய்தி இதுவே. எவரும் அவர்களை வெளியேற்றவில்லை. அவர்களைத் தாங்கிப்பிடிக்கவும் எவரும் இருக்கவில்லை.

அந்தக் கல்வியாண்டில் சில மாணவர் இதாக்கா நகரின் கிழக்கு ஸ்ரேற் வீதியில், 411ஆம் இலக்க இல்லத்திற் கூடி இலக்கிய வட்டமொன்றை நடத்தலாயினர். இவ்வட்டம் என்னவாக வளரவேண்டும் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. தொடக்கத்தில் தலைமை தாங்கிய சாள்ஸ் பொயின்டெக்ஸ்ரர், இலக்கிய சங்கமே போதுமானது எனக் கருதினார். ஏனையோர் சடங்கும் உறுதிமொழியும் உடைய சகோதர சங்கமே வேண்டும் என்றனர். இவ்விவாதத்தை வெறும் பெயர்ப் பிரச்சினையாகக் கொள்ளலாகாது. தம்மை விலக்கிவைத்தோரின் வடிவத்தையே கைக்கொள்வதா என்னும் வினா அதனுட் பொதிந்திருந்தது. இலக்கிய வட்டம் வாராந்தம் கூடிக் கலையும். உறுதிமொழியோ வாழ்நாள் முழுதும் ஒருவரை மற்றவருக்குப் பொறுப்பாளியாக்கும். தனித்து நின்ற மாணவருக்கு இரண்டாவதே தேவையாயிற்று. 1906 ஒக்டோபர் இறுதியில் முதல் தீட்சை இடம்பெற்றது. டிசெம்பர் 4ஆம் திகதி அல்பா பை அல்பா சங்கம் முறையாக நிறுவப்பட்டது. ஹென்றி கலிஸ், சாள்ஸ் சப்மன், யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், ஜோர்ஜ் கெலி, நதானியல் மரே, றொபேட் ஓகில், வேட்னர் ரான்டி ஆகிய எழுவரும் சங்கத்தாரால் ‘மணிகள்’ எனப் போற்றப்படுகின்றனர். அவர்களுள் ரான்டி நியூயோர்க் மாநிலத்திற் பதிவுபெற்ற முதற் கறுப்பினக் கட்டடக் கலைஞரானார். கலிஸ் மருத்துவரானார். ஜோன்ஸ் தேசிய நகர்ப்புற லீக்கின் நிர்வாகச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றினார்.

மறு ஆண்டிலேயே வாஷிங்டனின் ஹோவாட் பல்கலைக்கழகத்தில் பீற்றா கிளை அமைந்தது. 1911இல் பட்டதாரிகளுக்கான கிளை லூயிவில் நகரில் தோன்றியது. பட்டம் பெற்றபின்னும் உறுப்பினர் கிளையோடு இணைந்து உழைக்கும் வழக்கமே இச்சங்கத்தின் பெரும் பலமாகும். கறுப்பின இளைஞரை உயர்கல்விக்குத் தூண்டும் இயக்கத்தையும், பின்னர் வாக்குரிமையின் இன்றியமையாமையை உணர்த்தும் இயக்கத்தையும் அது நடத்திற்று. மேரிலன்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் அனுமதி மறுக்கப்பட்ட டொனால்ட் மரேக்காக 1935இல் வாதாடி வென்ற சாள்ஸ் ஹூஸ்ரனும் தர்கூட் மார்ஷலும் இச்சங்கத்தின் சகோதரர்களே. புகையிரத உணவுப் பெட்டியில் கறுப்பினத்தவரைப் பிரித்து அமர்த்தியமைக்கு எதிரான ஹென்டர்சன் வழக்கைச் சங்கத்தின் அப்போதைய தலைவர் பெல்ஃபோட் லோசன் வாதிட்டார். 1950இல் உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாட்டின் லூதர் கிங் 1952இல் பொஸ்ரனில் பயின்ற காலத்தில் இதன் உறுப்பினரானார். வாஷிங்டனில் அவருக்கு நினைவாலயம் அமைக்கும் யோசனையை 1984இல் முன்வைத்ததும் இச்சங்கமே. 2011இல் அது திறக்கப்பட்டது. பிறர் தமக்கு அடைத்த கதவைத் தாம் பிறருக்கு அடைக்கலாகாது என உணர்ந்து, 1945இல் தன் யாப்பிலிருந்த இன வரையறையை நீக்கியமையும் குறிப்பிடத்தக்கது.

எனினும் வரலாற்று மாணவர் புகழுரையோடு நின்றுவிடலாகாது. ஒடுக்கப்பட்டோர் அமைத்த சங்கமாயினும், சடங்கின் கொடுமை அதனையும் தொற்றாமல் விடவில்லை. 1989இல் அற்லான்ராவின் மோர்ஹவுஸ் கல்லூரியில், அல்பா பை அல்பாவிற் சேர விழைந்த மாணவர் ஒருவர் சேர்ப்பு நடவடிக்கைகளின்போது உயிரிழந்தார். அது கிங் பயின்ற கல்லூரி என்பதை நினைக்குங்கால் துயரம் மிகுகின்றது. மறு ஆண்டு, கறுப்பின மாணவர் சங்கங்களின் தலைமைகள் ஒன்றுகூடி உறுதிமொழிக் காலம் என்னும் வழக்கத்தையே ஒழிக்கத் தீர்மானித்தன. ஆயினும் இத்தகைய இறப்புகள் அமெரிக்கக் கல்லூரிகளில் ஓயவில்லை. கல்லூரிகள் இக்கொடுமைகளைப் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும் என விதிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசெம்பரிலேயே நிறைவேறியது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. கிரேக்க எழுத்துச் சங்கங்கள் நம் பல்கலைக்கழகங்களில் வேர்கொள்ளவில்லை; பேராதனையின் விடுதி வாழ்க்கை ஆங்கிலேயப் பல்கலைக்கழக மரபைத் தழுவி எழுந்தது. ஆனால் பகிடிவதை என்னும் சொல்லை நாம் எவரிடமிருந்தும் கற்கவேண்டியதில்லை. மாணவர் உயிரிழந்தும் நிரந்தர ஊனமுற்றும் போன நிகழ்ச்சிகளின் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. பகிடிவதையை ஆதரிப்போர் கூறும் நியாயங்களும் சகோதர சங்கத்தார் கூறியவையே. அது ஏற்றத்தாழ்வைக் களையும், ஒற்றுமையை வளர்க்கும், கூச்சத்தைப் போக்கும் என்பர். இந்நியாயங்களை எவ்வாறு அளவிடுவது?

அளவுகோலை கோர்ணெலின் அம்மாணவர்களே நமக்கு விட்டுச்சென்றுள்ளனர். முந்திய ஆண்டிற் கூடவிருந்த அறுவர் ஏன் திரும்பி வரவில்லை என்னும் வினாவிலிருந்தே அவர்களது சகோதரத்துவம் பிறந்தது. புதிதாக வந்த மாணவர் மறு ஆண்டும் வருவதற்கு ஒரு மரபு துணைசெய்யுமாயின் அதனைப் பேணலாம். அவரை வீட்டுக்குத் திருப்பியனுப்புமாயின், எத்துணைப் பழைமையுடையதாயினும், எத்துணை ஒற்றுமை பேசினாலும், அதனைச் சகோதரத்துவம் எனக் கூறவியலாது. பகிடிவதைக்கு அஞ்சிப் பட்டப்படிப்பைக் கைவிட்டுச் சென்றோர் நம்மிடையேயும் உளர். அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களை எண்ணிப்பார்த்து, அவர்கள் ஏன் திரும்பவில்லை எனக் கேட்கும் மாணவர் சங்கங்களே இன்று நமக்கு வேண்டுவன. அக்கேள்வியைக் கேட்கத் துணிந்தோர் 1906இல் எழுவரே என்பதை நாம் மறத்தலாகாது.