கிளிவெட்டித் தங்கத்துரை

திருகோணமலைத் தமிழ் அரசியலைப் பலர் சம்பந்தனிலிருந்து தொடங்குகின்றனர். மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்த நான் அருணாசலம் தங்கத்துரையிலிருந்தே தொடங்குவேன்.

1936 இல் பிறந்த அவரது ஊர் கிளிவெட்டி. 1970 பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி வேட்பாளராக மூதூரிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மூதூர் அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. மற்றைய ஆசனம் சுதந்திரக் கட்சியின் ஏ.எல். அப்துல் மஜீதுக்குக் கிடைத்தது. ஒரே தொகுதியில் முஸ்லிம்களும் தமிழர்களும் தத்தமக்கு ஒருவரைத் தெரிவுசெய்ய முடிந்த ஏற்பாடு அது. இன்று அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1977 தேர்தலுக்கு முன் எல்லைகள் மீள வரையப்பட்டன. சேருவில தனித் தொகுதியானது. மூதூருக்கு ஓர் ஆசனமே மிஞ்சியது. தங்கத்துரை அந்த நாடாளுமன்றத்தில் இருக்கவில்லை.

1994 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் மாவட்டத்திலிருந்து மீண்டும் தெரிவானார். அவர் உறுப்பினராக இருந்தபோதுதான், 1996 பெப்ரவரி 11 இல், கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் இராணுவத்தினர் பொதுமக்களைப் படுகொலை செய்தனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் 2016 இல் விடுதலையாயினர்.

1997 ஜூலை 5 அன்று திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி விழாவுக்குச் சென்றிருந்த தங்கத்துரை, அங்கு நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். கல்லூரி அதிபரும் பலியானார். விடுதலைப் புலிகள் மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. எங்களில் சிலர் இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். குமாரபுரத்தை எழுதும் கை இதையும் எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

1977 இல் மூதூரை வென்ற எம்.ஈ.எச். மகரூப்பும் அதே மாதம் கொல்லப்பட்டார். தங்கத்துரையின் வெற்றிடத்துக்கு வந்தவர்தான் சம்பந்தன்.