ஒரு வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள்: டூயல் பூட் முறையின் வரலாறு (1983–2024)

ஒரே கணினியின் வன்தட்டில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் முறை டூயல் பூட் எனப்படுகிறது. விண்டோஸையும் லினக்ஸையும் ஒருசேர வைத்திருக்கும் மாணவர்களும் நிரலாளர்களும் இதனைச் சில மணி நேர நிறுவல் வேலையாகவே அறிவர். ஆயினும் இதன் நாற்பதாண்டு வளர்ச்சியை ஆராய்ந்தால், தொழில்நுட்பத் தடைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே வந்திருக்க, சுவிட்சைப் போட்டதும் கணினி முதலில் யாருடைய நிரலை இயக்க வேண்டும் என்னும் கேள்வி மட்டும் வடிவம் மாறி இன்றுவரை தொடர்வது புலப்படும்.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் வன்தட்டு இல்லை. ஆகவே இயங்குதளத்தை மாற்றுவதற்கு ஃபிளாப்பியை மாற்றினாலே போதுமானதாக இருந்தது. 1983 மார்ச்சில் 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்த பிசி எக்ஸ்டி மாதிரியும் அதனோடு வந்த டாஸ் 2.0 பதிப்புமே இவ்வரலாற்றின் உண்மையான தொடக்கம். வன்தட்டின் முதல் செக்டரான 512 பைட்டுகளில், கணினியைத் தொடங்கும் நிரலுக்கு 446 பைட்டுகளும், வன்தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும் அட்டவணைக்கு 64 பைட்டுகளும், இறுதியில் அடையாள முத்திரைக்கு 2 பைட்டுகளும் ஒதுக்கப்பட்டன. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்டுகள் என்ற கணக்கில் நான்கு பார்ட்டிஷன்களுக்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. அவற்றுள் ஒன்றைச் செயலில் உள்ளதாகக் குறித்துவைத்தால், பயாஸ், அதாவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள், முதல் செக்டரின் நிரலை இயக்க, அந்நிரல் குறிக்கப்பட்ட பார்ட்டிஷனுக்குக் கட்டுப்பாட்டை ஒப்படைத்தது. வன்தட்டை வேறு இயங்குதளங்களோடு பகிர்ந்துகொள்ள முடியும் என்ற கருத்து இந்த அமைப்பிலேயே அடங்கியிருந்தது. ஆனால் தேர்வுப் பட்டியல் எதுவும் திரையில் தோன்றாது. எஃப்டிஸ்க் நிரலைக் கொண்டு குறியை மாற்றிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

அத்தகைய பட்டியலை ஐபிஎம் 1992இல் ஓஎஸ்/2 2.0 பதிப்பின் பூட் மேனேஜர் வழியாகவும், மைக்ரோசாஃப்ட் 1993இல் விண்டோஸ் என்டி வழியாகவும் தந்தன. எனினும் இத்துறையின் முதன்மையான சோதனைகள் லினக்ஸைச் சுற்றியே நிகழ்ந்தன.

வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992இல் எழுதிய லிலோ என்னும் தொடக்க நிரலுக்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியாது. லினக்ஸ் கெர்னல், அதாவது அதன் மையக்கரு, வன்தட்டின் எந்தெந்த செக்டர்களில் உள்ளது என்ற முகவரிப் பட்டியலையே அது நம்பியிருந்தது. எனவே கெர்னலைப் புதுப்பித்தவர் லிலோ கட்டளையை மறுபடியும் இயக்க மறந்தால் அடுத்த முறை கணினி எழாது. லிலோ தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் தன் வேலையின் படிநிலைகளுக்கேற்ப ஒவ்வொன்றாகத் திரையில் அச்சிட்டது. இரண்டாம் எழுத்தோடு அது நின்றுவிட்டால், முதற்கட்ட நிரல் இரண்டாம் கட்டத்தை ஏற்றியும் இயக்க முடியவில்லை என்று பயனர் அறிந்துகொண்டார். சில நூறு பைட்டுகளுக்குள் பிழையறியும் வழியையும் சேர்த்து அமைத்த இந்தச் சிக்கனம் பாராட்டுக்குரியது. பழைய பயாஸ் அழைப்புகள் 1024 சிலிண்டர்களுக்கு, அதாவது ஏறத்தாழ 8.4 ஜிகாபைட்டுக்கு, அப்பால் எட்டாததால், வன்தட்டின் முற்பகுதியில் கெர்னலுக்கெனச் சிறு பார்ட்டிஷன் ஒதுக்கும் வழக்கமும் அக்காலத்தில் உருவானது.

எரிக் போலின் 1995இல், க்னு ஹர்ட் இயங்குதளத்தைத் தொடங்குவதற்காக உருவாக்கிய கிரப், கோப்பு முறைமையைத் தானே படிக்கும் திறன் பெற்றிருந்ததால் முகவரிப் பட்டியலின் தேவை ஒழிந்தது. தான் நேரடியாகத் தொடங்க முடியாத விண்டோஸ் போன்றவற்றுக்கு, அவற்றின் சொந்தத் தொடக்க நிரலிடம் கட்டுப்பாட்டைக் கைமாற்றும் சங்கிலி முறையையும் அது கையாண்டது.

இவ்வாறு நுட்பம் முதிர்ந்துவந்த அதே காலத்தில் வணிகம் குறுக்கே நின்றது. விண்டோஸ் 95ஐ நிறுவும்போது, முதல் செக்டரில் இருந்த பிற தொடக்க நிரல் கேளாமலே அழிக்கப்பட்டது. விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவ வேண்டும் என்ற அறிவுரை இதனாலேயே நிலைபெற்றது. இதனினும் கடுமையானது பீஓஎஸ் இயங்குதளத்தின் கதை. 1990களின் இறுதியில் ஹிட்டாச்சி நிறுவனம் விண்டோஸுடன் பீஓஎஸ்ஸையும் வன்தட்டில் ஏற்றிய கணினிகளை ஜப்பானில் விற்றது. ஆனால் தொடக்கப் பட்டியலில் பீஓஎஸ் இடம்பெறவில்லை. விண்டோஸ் உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டி, பீஓஎஸ்ஸை உருவாக்கிய பீ நிறுவனம் 2002இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2003இல் 2.325 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் பீ நிறுவனத்தின் தொழில்நுட்பச் சொத்துகள் பாம் நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தன. சமரசத்தில் கிடைத்த தொகையால் அந்த இயங்குதளம் மீளவில்லை.

ஆப்பிள் நிறுவனம் இன்டெல் செயலிக்கு மாறிய 2006ஆம் ஆண்டில், பூட் கேம்ப் மூலம் மேக் கணினியில் விண்டோஸை நிறுவத் தானே வழி செய்துகொடுத்தது. 2020இல் சொந்தச் செயலிகளுக்கு மாறியபோது அவ்வசதியைப் புதிய கணினிகளில் கைவிட்டது.

பயாஸின் இடத்தைப் பிடித்த யூஈஎஃப்ஐ முறை பழைய தடைகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. நான்கு பார்ட்டிஷன் வரம்புக்குப் பதிலாகப் புதிய அட்டவணை வழக்கமாக 128 இடங்களைத் தருகிறது. ஒவ்வொரு இயங்குதளமும் தன் தொடக்க நிரலைத் தனிப் பார்ட்டிஷன் ஒன்றில் தனக்குரிய கோப்புறையில் வைக்கலாம் என்பதால், ஒன்று மற்றொன்றை அழித்தே ஆக வேண்டிய கட்டாயம் மறைந்தது. ஆனால் 2012இல் விண்டோஸ் 8உடன் பரவலான செக்யூர் பூட், நம்பகமான மின்னொப்பம் பெற்ற நிரல்களை மட்டுமே தொடங்க அனுமதித்தது. தீங்குநிரல்களைத் தடுக்கும் இந்நோக்கம் நியாயமானதே. எனினும் ஒப்பத்தைச் சரிபார்க்கப் பெரும்பாலான கணினிகளில் பதிந்திருந்தது மைக்ரோசாஃப்டின் சாவி என்பதால், லினக்ஸ் விநியோகங்கள் ஷிம் என்னும் சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடமே ஒப்பம் பெற வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று அறிவிக்கப்பட்டிருந்தும், பழைய ஷிம்களை விலக்கியதால், பல கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது.

டூயல் பூட் தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. வன்பொருள் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் வைத்திருக்கும் இயல்பினால், இத்தகைய கணினிகளில் நேரம் ஐந்தரை மணி முன்பின்னாகக் காட்டப்படுவதுண்டு. அது ஒரே அமைப்பு மாற்றத்தில் தீரும். சாவியைப் பற்றிய சிக்கல் அவ்வளவு எளிதன்று. விண்டோஸ் 8 சான்றிதழ் பெறும் மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் செக்யூர் பூட்டை நிறுத்தும் வசதி கட்டாயமாக இருந்தது; விண்டோஸ் 10 வந்தபோது அது தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகவே பள்ளி, கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கணினி வாங்குவோர், தொடக்கச் சாவிகளை மாற்றும் உரிமை கணினியின் உரிமையாளருக்கே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவைக்க வேண்டும்.