படியெடுத்தோர் காத்த படச்சுருள்கள்

தமிழிலக்கிய வரலாற்றை எழுதுவோர் நூல்கள் தோன்றிய காலத்தை விரிவாக ஆராய்வர். அந்நூல்கள் எவ்வாறு எஞ்சின என்பதைச் சுருக்கமாகவே கூறுவர். ஆயினும் ஆக்கத்துக்கு வரலாறு இருப்பது போலக் காப்புக்கும் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றியபோது, அவர் கையிற் கிடைத்தவை நூலாசிரியர் எழுதிய மூல ஏடுகள் அல்ல. படியின் படி, அப்படியின் படி எனப் பல தலைமுறையினரின் கைகளைக் கடந்துவந்த ஏடுகளே அவை. ஓலையின் ஆயுள் குறுகியது. அது செல்லரித்து ஒடியுமுன் யாரோ ஒருவர் வேறோர் ஓலையில் எழுதிவைத்தமையாலேயே பழைய நூல்கள் இன்று உள்ளன. அவ்வாறு எழுதிவைத்தோருட் பெரும்பாலோரின் பெயர் எவருக்கும் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் புதிய ஏடு திரைப்படச் சுருள். அதன் வரலாறும் இதே வழியிற் சென்றுள்ளது. சிறப்பாக, விஞ்ஞானப் புனைகதைப் படங்கள் அழிந்ததும் மீண்டதுமான கதை இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது. பண்டிதரும் திறனாய்வாளரும் இவ்வகைப் படங்களை நெடுங்காலம் சிறுவர் வேடிக்கையாகவே கருதினர். தயாரித்தவர்களும் ஓடி முடிந்த பின்னர் அவற்றைப் பேணும் தேவையை உணரவில்லை. ஆனால் அவற்றை நேசித்த பார்வையாளர் சிலர் இருந்தனர். உரிமையாளர் கைவிட்டதை அவர்கள் தம்மிடமிருந்த எளிய கருவிகளைக் கொண்டு பதிந்துவைத்தனர். அப்பதிவுகள் தரத்திற் குறைந்தவை. எனினும் பல இடங்களில் அவையே எஞ்சின.

சுருளின் இயல்பு

திரைப்படச் சுருள் அழிவதற்கான காரணங்கள் அதன் இயல்பிலேயே உள்ளன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழங்கிய நைத்திரேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றுவது. தீயிலிருந்து தப்பினும் காலப்போக்கிற் சுருங்கி, பசைபோலாகி, ஈற்றிற் பொடியாய் உதிர்வது. அதன்பின் வழக்கிலிருந்த அசற்றேற்றுச் சுருள் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் வினாகிரி மணம் வீசத் தொடங்கி வளைந்து நெளிகின்றது. காந்த நாடாவோ ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கின்றது. இவற்றோடு மற்றொரு காரணமும் சேர்ந்தது. நாடா விலையுயர்ந்தது, ஒருமுறை பதிந்ததை அழித்துவிட்டு மறுமுறையும் அதிற் பதியலாம். சுருளில் வெள்ளி இருந்தது; அதனை உருக்கி எடுக்கலாம். ஆதலாற் சிக்கனம் என்ற பெயரிலும் அழிவு நிகழ்ந்தது.

சந்திரனுக்குச் சென்ற படம்

விஞ்ஞானப் புனைகதைப் படங்களின் முன்னோடியெனப் போற்றப்படுவது பிரான்சிய நாட்டவரான ஜோர்ஜ் மெலியே 1902 இல் உருவாக்கிய ‘சந்திரனுக்கு ஒரு பயணம்’ என்னும் குறும்படமாகும். மெலியே ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை ஆக்கியவர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் அவருடைய பிரதிகள் பல, வெள்ளிக்காகவும் சப்பாத்துக் குதிகளுக்கு வேண்டிய பொருளுக்காகவும் உருக்கப்பட்டன. வணிகத்தில் நொடித்துப்போன மெலியே, 1923 இல் தம்மிடம் எஞ்சியிருந்த நெகற்றிவ்களைத் தம் கையாலேயே எரித்தார். படைத்தவரே அழித்த பின்னரும் அவருடைய ஆக்கங்களில் ஏறத்தாழ இருநூறு இன்று கிடைப்பது, உலகெங்கும் சிதறிக் கிடந்த பிரதிகளைச் சேகரித்தோரின் பயனேயாம்.

அப்படத்தின் கையால் வண்ணந் தீட்டப்பட்ட பிரதி முற்றாக அழிந்துவிட்டதென்றே கருதப்பட்டது. 1993 இற் பெயர் வெளியிட விரும்பாத சேகரிப்பாளர் ஒருவர் ஸ்பெயின் நாட்டின் கற்றலோனியத் திரைப்படக் காப்பகத்துக்கு வழங்கிய சுருள்களினிடையே அது கிடைத்தது. சுருள் முழுவதும் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. பின்னர் அது பாரிசிலுள்ள லொப்ஸ்ரர் பிலிம்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்நிறுவனத்தார் பல ஆண்டுகள் பொறுமையோடு அதனைப் பிரித்தெடுத்தனர். 13,375 படச் சட்டங்கள் கணினியின் துணையோடு ஒழுங்குபடுத்தப்பட்டன. சிதைந்த இடங்கள் கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கொண்டு நிரப்பி வண்ணமூட்டப்பட்டன. 2011 மே மாதத்திற் கான் திரைப்பட விழாவில் அது மீண்டும் திரையேறிற்று. கட்டியாகிக் கிடந்த சுருளைக் குப்பையென்று எறியாத ஒரு மனிதர் இல்லாதிருப்பின் இது நிகழ்ந்திராது.

புவனெஸ் அயர்ஸிற் கிடைத்த பிரதி

ஜேர்மனியரான பிரிட்ஸ் லாங்கின் ‘மெற்றோபொலிஸ்’ 1927 ஜனவரி 10 ஆம் திகதி பேர்ளினில் வெளியிடப்பட்டபோது 4,189 மீற்றர் நீளமுடையதாயிருந்தது. நிலத்தின்கீழ் உழைக்கும் தொழிலாளரையும் மேலே வாழும் செல்வரையும் கொண்ட எதிர்கால நகரொன்றைக் காட்டிய அப்படம் வசூலில் வெற்றி பெறவில்லை. விநியோகித்தோர் அதனை வெட்டிச் சுருக்கினர். முழு வடிவம் சில மாதங்களுக்குள்ளேயே மறைந்தது. 2001 இற் செம்மையான பதிப்பொன்று வெளிவந்தபோது மூலத்தின் நாலிலொரு பங்கு இனிக் கிடைக்காதென்றே கொள்ளப்பட்டது.

ஆனால் வெட்டப்படாத பிரதியொன்று ஆர்ஜன்ரீனாவுக்கு விநியோகத்துக்காகச் சென்றிருந்தது. அந்நாட்டுத் திரைப்படத் திறனாய்வாளரான மனுவேல் பெஞ்ஞா றொட்றிகஸ் அதனைத் தம் சேகரிப்பிற் சேர்த்துவைத்தார். பின்னர் அது அரச நிதியமொன்றின் வசமாயிற்று. தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருளை வைத்திருக்க அஞ்சியோர் அதனை 16 மில்லிமீற்றர் சுருளிற் படியெடுத்தனர், மூலம் கைவிடப்பட்டது. அப்படி 1992 இற் புவனெஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தை அடைந்தது. 2008 இல் அதனைப் பரிசோதித்தவர்கள் பாவுலா பெலிக்ஸ் டிடியேயும் பெர்னாந்தோ பெஞ்ஞாவும் ஆவர். ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடக் காட்சிகள் மீண்டன. 2010 பெப்ரவரியில் விரிந்த பதிப்பு பேர்ளினிற் காட்டப்பட்டது.

இம்மீட்புப் பணி ஏட்டுப் பதிப்புப் பணியை ஒத்ததாகும். பல்வேறு நாட்டுப் பிரதிகள் பாடபேதங்கள் போல ஒப்புநோக்கப்பட்டன. எக்காட்சி எதன் பின் வரவேண்டுமென்பதை அறிய, கொற்பிறீட் ஹுப்பேர்ற்ஸ் அப்படத்துக்கென எழுதிய இசைக் குறிப்புக்கள் உதவின. ஆர்ஜன்ரீனப் பிரதியின் கீறல்களை முற்றாக நீக்க இயலவில்லை. மூலத்தில் இருந்த கீறல்கள் படியிலும் பதிந்துவிட்டமையே காரணம். மீட்கப்பட்ட பகுதிகள் இன்றும் மழை பெய்வது போன்ற கோடுகளுடனேயே தோன்றுகின்றன. அக்கோடுகளே எப்பகுதி எங்கிருந்து வந்ததென்பதற்குச் சான்றாகவும் அமைந்துவிட்டன.

ஒலி மட்டும் எஞ்சிய தொடர்

மூன்றாவது உதாரணம் தொலைக்காட்சியைச் சார்ந்தது. பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23 ஆம் திகதி ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரை ஆரம்பித்தது. அதன் முதல் ஆறு ஆண்டுகளில் 253 அத்தியாயங்கள் ஒளிபரப்பாகின. நாடாக்களை மீண்டும் பயன்படுத்த வேண்டியிருந்தமையாலும், பழைய நிகழ்ச்சிகளுக்கு இனிப் பயனில்லை என்ற எண்ணத்தாலும், அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுபதுகளின் இறுதிவரை அவை அழிக்கப்பட்டன. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுக்கப்பட்ட 16 மில்லிமீற்றர் பிரதிகளும் பெருமளவில் எறியப்பட்டன. நைஜீரியாவிலே தொலைக்காட்சி நிலையமொன்றிற் கிடைத்த பிரதிகள் 2013 இல் அறிவிக்கப்பட்ட பின்னரும், இழந்த அத்தியாயங்களின் தொகை 97 ஆக இருந்தது.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தில் வீட்டிலே படத்தைப் பதிவுசெய்யும் கருவி இல்லை. ஆயினும் இளைஞர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே ஒலிவாங்கியை வைத்து ஒலியை நாடாவிற் பதிந்தனர். வீட்டார் பேச்சும் கதவொலியும் புகாதிருக்க அவர்கள் பட்ட பாடு பெரிது. இத்தகைய பதிவுகளின் பயனாக, படம் இழந்த அத்தியாயங்கள் அனைத்துக்கும் ஒலி எஞ்சியுள்ளது. அவுஸ்திரேலியாவில் தணிக்கையாளர் வெட்டி எடுத்த சிறு துண்டுகளும் 1996 இல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திற் கண்டெடுக்கப்பட்டன. காட்டத்தகாதென வெட்டப்பட்டவை எஞ்ச, காட்டத்தக்கவை அழிந்தமை விந்தையே. பின்னாளில் பி.பி.சி. நிறுவனமே இவ்வார்வலரின் ஒலிநாடாக்களைப் பெற்று, 2006 முதல் இழந்த அத்தியாயங்கள் சிலவற்றுக்குச் சித்திரப்படம் அமைத்து வெளியிட்டது. அனுமதியின்றிப் பதிந்தவரிடம் உரிமையாளர் இரந்து நிற்கும் நிலை ஏற்பட்டது எனலாம்.

எனினும் ஆர்வலரை மிகைபடப் புகழ்வதும் பொருந்தாது. அரிய பிரதியைத் தம் பெருமைக்காகப் பூட்டிவைத்தோரும் சேகரிப்பாளரிடையே இருந்துள்ளனர். பூட்டிய பெட்டியிலே சுருள் பொடியாகுமாயின் அது காத்தலாகாது. படியெடுத்தலும், எடுத்த படி எங்கிருந்து, எப்போது எடுக்கப்பட்டதென எழுதிவைத்தலும், பிறரோடு பகிர்தலும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே காப்பு.

ஈழத்துத் தமிழ்ப் படங்கள்

இவ்வனுபவங்கள் ஈழத்துத் தமிழ் மக்களுக்கு அந்நியமானவையல்ல. 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட ‘சமுதாயம்’ (1962), அடுத்து வந்த ‘தோட்டக்காரி’ (1963) ஆகியவற்றோடு தொடங்கிய ஈழத்துத் தமிழ்ப் படத்துறை, பெருந்தொகையான படங்களைத் தந்ததன்று. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972), வானொலி நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’ (1976), காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்திய ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) ஆகியன குறிப்பிடத்தக்கவை. தென்னிந்தியப் படங்களின் போட்டிக்கிடையே இவை இந்நாட்டுத் தமிழரின் பேச்சையும் தெருவையும் வயலையும் கடலையும் திரையிற் பதிந்தன. அக்காலத்து யாழ்ப்பாணம் எவ்வாறு இருந்ததென்பதைப் பின்வருவோர் காண்பதற்கு இவற்றினும் உயிருள்ள சான்று அரிது.

1983 ஜூலை வன்செயலில், கே. குணரத்தினம் அவர்களுக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்கள் தீக்கிரையாயின. சிங்களப் படங்களின் நெகற்றிவ்களும் அவற்றுள் அடங்கின. தமிழர் ஒருவரின் உடைமையென எரித்தவர்கள் தம் மொழியின் கலைச் செல்வத்தையும் எரித்தனர். ஈராண்டுகளுக்கு முன்னர், 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை இதனோடு சேர்த்து எண்ணும்போது, ஒரு சமூகத்தின் ஏடும் படமும் அடுத்தடுத்து இழக்கப்பட்டமை புலனாகும். நூலுக்காவது வேறிடத்தில் மற்றொரு பிரதி இருத்தல் கூடும். படத்தின் பிரதிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. இத்தகைய நிலையிலே தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ என்னும் நூலில் இப்படங்களின் விபரங்களைத் தொகுத்தமை பெரும்பணியாகும். எனினும் படத்தைப் பற்றிய குறிப்புப் படமாகிவிடாது.

பருத்தித்துறையும் நாடாக்களும்

பருத்தித்துறை இலங்கையின் வட அந்தத்திலுள்ள துறைமுகப் பட்டினம். எண்பதுகளின் தொடக்கத்தில், ஏனைய ஊர்களைப் போலவே அங்கும், மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் வழியாக வீடியோக் கருவி வந்து சேர்ந்தது. மக்கள் அதனை ‘டெக்’ என்றே வழங்கினர். தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே வைத்து, அயலவர் கூடிப் படம் பார்ப்பது வழக்கமாயிற்று. திருமணமும் கோயிற்றிருவிழாவும் நாடகமும் நாடாக்களிற் பதியப்பட்டன. ஒலிநாடாக்களில் வானொலி நாடகங்களும் வில்லுப்பாட்டும் பாட்டுக் கச்சேரிகளும் இடம்பெற்றன. இவற்றுள் ஒன்றேனும் காப்பகத்தை எண்ணிப் பதியப்பட்டதன்று; விருப்பத்தினாற் பதியப்பட்டவையே அனைத்தும்.

அந்நாடாக்கள் பட்ட துன்பம் அவ்வூர் மக்கள் பட்ட துன்பமே. 1984 இல் ஹாட்லிக் கல்லூரியின் நூலகம் தீயிடப்பட்டது. 1987 மே மாதத்தில் வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது குடும்பங்கள் வீடுகளைவிட்டு ஓடின. 1990 இலிருந்து சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மண்ணெண்ணெயில் இயங்கும் மின்பிறப்பாக்கியின் உதவியோடு படம் பார்த்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோர வீடுகளுட் புகுந்தது. போரும் கடலும் விட்டுவைத்தவற்றை உப்புக்காற்றும் பூஞ்சணமும் தின்கின்றன. இடம்பெயர்ந்தோர் சிலர் நாடாக்களை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கொண்டுசென்றமையால், ஒரே ஊரின் நினைவு பல கண்டங்களிற் சிதறிக் கிடக்கின்றது. மெற்றோபொலிஸ் பேர்ளினில் அழிந்து புவனெஸ் அயர்ஸில் எஞ்சியது போல, இங்கு அழிந்தது அங்கு எஞ்சியிருத்தல் கூடும்.

காலமும் குறுகியதாகவே உள்ளது. உலகில் வி.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை உற்பத்திசெய்துவந்த யப்பானிய நிறுவனமான புனாய் 2016 ஜூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்திற்று. நாடா நலமாயிருப்பினும் அதனை ஓட்டுதற்குக் கருவி அரிதாகிவருகின்றது. 2005 இலிருந்து நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணினியிலே சேமித்து யாவரும் படிக்க வழங்கிவருவது, இத்தகைய பணி இயலாததன்று என்பதற்குச் சான்று. அதே முறையிற் படத்துக்கும் ஒலிக்கும் வேண்டிய பணி பெரிதன்று: ஊர்தோறும் வீடுகளிலுள்ள நாடாக்களுக்கு ஒரு பட்டியல், ஓடக்கூடிய கருவி ஒன்றிரண்டு, பதிந்தவர் உயிரோடிருக்கையிலேயே பதிந்த நாளையும் இடத்தையும் கேட்டு நாடாவின்மேல் எழுதிவைத்தல்.

வடமராட்சிக் கரவெட்டியைச் சேர்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைச் சமூக வரலாற்றுக்குரிய சான்றாகக் கொண்டு ஆராய்ந்தவர். அத்தகைய ஆய்வு தொடரவேண்டுமாயின் சான்று கையில் இருத்தல் வேண்டும். தெளிவில்லாத நாடாவென்றும் கோடு விழுந்த படமென்றும் இன்று ஒதுக்கப்படுவது, நாளை ஓர் ஆய்வாளருக்குக் கிடைக்கும் ஒரே ஏடாக இருத்தல் கூடும். ஓலையைப் படியெடுத்தோர் எழுத்தழகுக்காகப் படியெடுக்கவில்லை; அடுத்த ஓலைவரை நூல் வாழவேண்டும் என்பதற்காகவே படியெடுத்தனர்.