மூன்றாம் வருசத்து டயரை யார் மாற்றுவது?

பொதுச் சைக்கிள் என்று ஒரு பேச்சை எடுத்தால் நம்மட பக்கத்தில் முதலாவதாக வரும் பதில் ஒன்றுதான்: “இங்க அதெல்லாம் சரிவராது, ரெண்டு நாள்ல கழட்டி வித்துப்போடுவானுகள்.” சொல்லிவிட்டுச் சிரிப்போம். நம்ம ஆக்களைப் பற்றி நாமே மட்டமாகச் சொல்லிச் சிரிப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று.

பொதுச் சைக்கிள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நகரத்தில் பல இடங்களில் சைக்கிள் நிலையங்கள் இருக்கும். ஒரு நிலையத்தில் ஒரு சைக்கிளை எடுத்து ஓடி, போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போய்விடலாம். அந்தச் சைக்கிள் உங்களுடையது இல்லை, எல்லாருடையதும். பஸ் மாதிரி அதுவும் ஒரு பொதுப் போக்குவரத்து. இன்று உலகத்தின் பல நகரங்கள் இதற்குக் காசு ஒதுக்குகின்றன, வருடத்துக்கு வருடம் பெருப்பிக்கின்றன.

இதன் வரலாற்றைத் தேடி வாசித்தபோது ஒரு விசயம் பிடிபட்டது. “களவு போய்விடும்” என்ற பதில் நம்மட ஊருக்கு மட்டும் சொந்தமானதில்லை. அறுபது வருடமாக ஐரோப்பாவிலும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் திட்டங்கள் எங்கே செத்தன, எங்கே பிழைத்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், களவு ஒரு பக்கத்துக் கதை மட்டும்தான்.

வெள்ளைச் சைக்கிள்

கதை தொடங்குவது 1965இல், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில். அந்த நகரத்தின் ஒடுங்கிய தெருக்களை அப்போது கார்கள் நிறைத்துக்கொண்டிருந்தன. ‘புரோவோ’ என்ற இளைஞர் இயக்கம் ஒன்று இதற்கு எதிராகக் கிளம்பியது. அதில் இருந்த லூட் ஸ்கிம்மல்பெனின்க் என்பவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். நகர மையத்துக்குள் கார் வரக் கூடாது. அதற்குப் பதிலாக மாநகர சபை வருடத்துக்கு 20,000 சைக்கிள் வாங்கி, வெள்ளை நிறம் அடித்து, பூட்டுப் போடாமல் தெருவில் விட வேண்டும். யாரும் எடுக்கலாம், யாரும் ஓடலாம்.

சபை மறுத்துவிட்டது. இளைஞர்கள் தாங்களே கொஞ்சச் சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்துத் தெருவில் விட்டார்கள். பிறகு என்ன நடந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. சனங்கள் எல்லாவற்றையும் களவெடுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. மற்றக் கதை அதிகம் வெளியே வருவதில்லை. பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் பொலிஸ்தான் அவற்றைப் பறிமுதல் செய்தது. இளைஞர்களும் விடவில்லை. இலக்கப் பூட்டு வாங்கிப் போட்டு, பூட்டைத் திறக்கும் இலக்கத்தைச் சைக்கிளிலேயே எழுதிவிட்டார்கள்.

1967இல் ஸ்கிம்மல்பெனின்க் மாநகர சபை உறுப்பினராகி, அதே திட்டத்தைக் கணக்கோடு திரும்பக் கொண்டுவந்தார். ஒரு ஆளை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக மற்றப் பொதுப் போக்குவரத்துக்குச் சபை செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்கு முடியும் என்பது அவருடைய கணக்கு. சபை அதையும் தள்ளிவிட்டது. ஆக முதலாவது பொதுச் சைக்கிள் திட்டத்துக்கு ஒரு நாள்கூடப் பொதுக் காசு கிடைக்கவில்லை. அப்படி இருந்தும் வரலாற்றில் பழி விழுந்தது சனத்தின் தலையில்.

காசு கொடுத்தவர்கள்

1995இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் 1,000 சைக்கிள்களோடு தொடங்கியது. நிலையத்தில் ஒரு நாணயத்தைப் போட்டால் சைக்கிள் கழன்று வரும், திருப்பி வைத்தால் நாணயமும் திரும்பி வரும். யார் எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது என்பதால் காணாமல் போனவையும் நிறைய. ஆனாலும் அது 2012 வரை, 17 வருடம் ஓடியது. நகரம் காசு கொடுத்த காலம் வரைக்கும் ஓடியது என்று சொல்வதுதான் சரி.

2007 ஜூலை 15ஆம் திகதி பாரிஸ் நகரம் ‘வெலிப்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒரு விளம்பரக் கம்பனி சைக்கிள்களைப் போட்டு நடத்தும், பதிலுக்கு நகரத்தின் விளம்பரப் பலகைகள் அந்தக் கம்பனிக்கு. சீக்கிரமே சைக்கிள்களின் எண்ணிக்கை இருபதாயிரத்துக்குக் கிட்டப் போனது. களவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய நகரம் இது. முதல் இரண்டு வருடத்தில் களவு போனவை சுமார் 8,000. உடைக்கப்பட்டவை அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு சைக்கிளை மாற்ற 400 யூரோ அளவில் செலவு. நம்மட ஊரில் இதில் நூறில் ஒரு பங்கு நடந்திருந்தாலும் “நாங்கள் அப்பவே சொன்னம்தானே” என்று மூடியிருப்பார்கள். பாரிஸ் மூடவில்லை. கம்பனியோடு பேசி, நட்டத்தில் ஒரு பங்கை நகரமே பொறுப்பெடுத்தது. 2018இல் நடத்தும் கம்பனி மாறியது. வெலிப் இன்றைக்கும் ஓடுகிறது.

அடுத்தது கனடாவின் மொன்றியல், நம்மட நாட்டில் இருந்து போன தமிழர்கள் கணிசமாக வாழும் நகரம். அங்கே 2009 மே மாதம் ‘பிக்சி’ தொடங்கியது. பெயரிலேயே சைக்கிளும் ரக்ஸியும் கலந்திருக்கிறது. அதை நடத்திய நிறுவனம் தன்னுடைய தொழில்நுட்பத்தை லண்டன், நியூயோர்க், சிக்காகோ என்று வெளியேயும் விற்றது. விற்ற இடங்களில் மென்பொருளில் கோளாறு வந்து சில நகரங்கள் காசைப் பிடித்து வைத்தன. 2014 ஜனவரியில் நிறுவனம் வங்குரோத்து என்று அறிவித்தபோது கடன் சுமார் 50 மில்லியன் கனேடிய டொலர். களவால் வந்த கடன் இல்லை இது, வியாபாரத்தால் வந்த கடன். மொன்றியலில் சனங்கள் அப்போதும் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

மாநகர சபைக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: கைகழுவுவது, இல்லாவிட்டால் தானே எடுத்து நடத்துவது. சபை சைக்கிள்களையும் நிலையங்களையும் வாங்கி, இலாபம் பார்க்காத ஒரு அமைப்பிடம் ஒப்படைத்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விரிவாக்கம்தான். 3,000 சைக்கிள்களோடு தொடங்கிய திட்டத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் மேல், மின்சாரச் சைக்கிள்களும் சேர்த்து. 2023இல் பனிக்காலத்திலும் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

காசு கொடுக்காதவர்கள்

நியூயோர்க் 2013இல் தொடங்கியபோது வரிப்பணம் ஒரு சதமும் இல்லை என்று பெருமையாகச் சொன்னது. ஒரு வங்கி 41 மில்லியன் டொலர் கொடுத்துத் தன்னுடைய பெயரைச் சைக்கிளில் எழுதியது. சைக்கிள்கள் முதலில் போனது மன்ஹாட்டனின் கீழ்ப் பகுதிக்கும் புரூக்ளினின் ஒரு பகுதிக்கும். வருமானம் குறைந்த ஆக்கள் அதிகமாக வாழும் புரொங்ஸ் பகுதிக்குப் போய்ச் சேர 2020 ஆனது, ஏழு வருடம். காசு எங்கே வரும் என்று பார்த்து நிலையம் போட்டால் ஓரத்தில் இருக்கும் ஊருக்குக் கடைசியில்தான் வரும். திருகோணமலை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருந்துகொண்டு இதை நாம் யாரிடமும் கேட்டுப் படிக்கத் தேவையில்லை.

சீனாவில் 2014இல் பீஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ‘ஓஃபோ’ என்ற மஞ்சள் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நம்ம வயசுக்காரர்கள். நிலையமே வேண்டாம், போனால் பூட்டைத் திறந்து எடு, விரும்பிய இடத்தில் விடு. முதலீட்டுக் காசு கொட்டியது, சைக்கிள்கள் மில்லியன் கணக்கில் தெருவுக்கு வந்தன, இந்தியா வரைக்கும் வந்தன. 2018இல் காசு வற்றியது. கட்டுப்பணத்தைத் திருப்பிக் கேட்டுக் காத்திருந்தவர்கள் கோடிக்கு மேல். உடைந்த சைக்கிள்கள் மலை மலையாகக் குவிந்து கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் வாங்கக் காசு இருந்தது. அதைப் பார்த்துப் பராமரிக்க ஆளும் இல்லை, காசும் இல்லை.

நமக்குப் பக்கத்தில் மைசூரில் 2017 ஜூனில் ‘ட்ரின் ட்ரின்’ தொடங்கியது. 450 சைக்கிள், 48 நிலையம். சர்வதேசச் சுற்றாடல் நிதியோடு மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து காசு போட்ட திட்டம் அது. ஓஃபோ இந்தியாவை விட்டுப் போன பிறகும் ட்ரின் ட்ரின் ஓடியது.

நம்மட கணக்கு

நம்மட நாட்டில் சைக்கிளின் வரலாறு நெருக்கடியின் வரலாறு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதபோது சைக்கிள்தான் பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் சொன்னபோது நாடே திரும்பச் சைக்கிளைத் தேடியது. விலை கண்டபடி ஏறியது. வீட்டில் ஏற்கனவே சைக்கிள் இருந்தவர் ஓடினார், இல்லாதவர் நடந்தார். இரண்டு காலத்திலும் சைக்கிள் செய்தது பொதுப் போக்குவரத்தின் வேலை. செலவு மட்டும் ஒவ்வொரு வீட்டின் தலையிலும்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. சுனாமிக்குப் பிறகு ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’ என்ற அமைப்பு பிறந்ததே இலங்கைக்காகத்தான். இங்கே 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் ஆபிரிக்காவின் சாம்பியாவுக்குப் போனபோது, சைக்கிளோடு சேர்த்துக் கிராமத்துத் திருத்துனர்களையும் பயிற்றுவித்தார்கள், உதிரிப்பாகம் கிடைக்கவும் வழி செய்தார்கள். அன்பளிப்புச் சைக்கிளை வைத்திருந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். கொடுக்கும் அன்று படம் எடுப்பார்கள். மூன்றாம் வருசம் டயர் தேய்ந்து, செயின் இழுபட்டு, கொட்டிலில் சாய்ந்து கிடக்கும்போது யாரும் வருவதில்லை.

புல்மோட்டைக்குப் பாரிஸ் மாதிரி நிலையம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த முறை சரிவருவது சனம் நெருக்கமாக வாழும், சில நூறு மீற்றருக்கு ஒரு நிலையம் வைக்கக்கூடிய நகரத்துக்கு. திருகோணமலை நகரத்தின் கடற்கரைப் பக்கத்துக்கு அது பொருந்தலாம். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, வீடுகளும் வயலும் களப்பும் கனிய மணல் கூட்டுத்தாபனமும் பரந்து கிடக்கும் நம்மட ஊருக்கு வேறு வடிவம் வேண்டும். பாடசாலையின் பெயரில் கொஞ்சச் சைக்கிள்கள். தூரத்தில் இருந்து வரும் பிள்ளைகள், முக்கியமாக ஓஎல்லுக்குப் பிறகு தூரத்தைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்தும் பெண் பிள்ளைகள், தவணைக்கு எடுத்துத் தவணைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலத்தான். அதைத் திருத்த ஊரிலேயே ஒரு சைக்கிள் கடைக்காரருக்குப் பிரதேச சபை மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கலாம்.

இதில் பெரிய செலவு சைக்கிள் இல்லை. சைக்கிளை யாராவது ஒரு வெளிநாட்டு நிறுவனம் படத்தோடு கொண்டுவந்து தரும். சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் வருடத்துக்கு வருடம் எழுதப்பட வேண்டிய அந்தத் திருத்தச் செலவுதான் முக்கியம். பாரிஸும் மொன்றியலும் நல்ல சனம் இருந்ததால் மட்டும் பிழைக்கவில்லை, அந்த ஒரு வரியை வெட்டாமல் வைத்திருந்ததால் பிழைத்தன.

அடுத்த தடவை பிரதேச சபைத் தேர்தலுக்கு யாராவது வந்து “பிள்ளைகளுக்குச் சைக்கிள் தருவம்” என்று சொன்னால் கைதட்டுவோம், பிழையில்லை. தட்டி முடித்துவிட்டு, மூன்றாம் வருசத்து டயருக்கு எந்தத் தலைப்பில் காசு ஒதுக்கப் போறீங்க என்று கேட்போம். அதற்குப் பதில் இல்லையென்றால், பிறகு அந்தச் சைக்கிள்கள் துருப்பிடிக்கும்போது பழியை நம்ம ஆக்களின் தலையில் போட விடக் கூடாது.